தமிழ்நாட்டில் திரையரங்கு உடைமைத் திரட்சி

தமிழ்நாட்டில் திரையரங்கு உடைமைத் திரட்சி என்பது, ஊருக்கு ஊர் தனித்தனிக் குடும்பங்களும் கூட்டாளிகளும் நடத்தி வந்த திரையரங்குகள் ஒரு சில நிறுவனங்களின் உடைமையாகவோ கட்டுப்பாட்டிலோ வருவதைக் குறிக்கும். 2018 இல் சென்னையின் எஸ்பிஐ சினிமாஸ் நிறுவனத்தைப் பிவிஆர் வாங்கியதும், 2023 இல் பிவிஆரும் ஐநாக்ஸும் ஒரே நிறுவனமாக இணைந்ததும் இதன் முதன்மையான கட்டங்கள் ஆகும். சிற்றூர்களில் இது வேறு வடிவம் கொண்டது. அங்கு கட்டடம் உள்ளூர்க்காரரிடமே இருக்க, படம் திரையிடும் உரிமையும் கருவியும் வெளியார் கைக்குச் செல்கின்றன.

தொடக்க காலம்

திருச்சிராப்பள்ளியில் தொடர்வண்டித் துறைப் பணியாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905 இல் டுபான்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கி, கூடாரத்துடன் ஊர் ஊராகச் சென்று படம் காட்டினார். பின்னர் 1914 இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கைக் கட்டினார். அதே ஆண்டில் சென்னையில் இரகுபதி வெங்கையா கெயிட்டி அரங்கைத் தொடங்கினார். ஒருவர், ஒரு கொட்டகை என்பதே அக்கால வழக்கமாக இருந்தது.

இதற்குப் பெரிய விதிவிலக்கு கல்கத்தாவைச் சேர்ந்த மதன் தியேட்டர்ஸ் ஆகும். 1920களின் இறுதியில் இந்தியா, பர்மா, இலங்கை ஆகிய நாடுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட அரங்குகள் இந்நிறுவனத்தின் உடைமையாகவோ கட்டுப்பாட்டிலோ இருந்தன. சென்னை வழக்கறிஞர் தி. ரங்காச்சாரியார் தலைமையில் 1927 இல் அமைக்கப்பட்ட இந்தியத் திரைப்படக் குழுவின் முன் மதன் நிறுவனத்தின் ஏகபோகம் பற்றிய முறையீடுகள் வைக்கப்பட்டன. சில பத்தாண்டுகளே வயதான ஒரு தொழிலில் அன்றே இக்கேள்வி எழுந்தது கவனிக்கத்தக்கது. பேசும் படங்கள் வந்த பின் 1930களில் மதன் நிறுவனம் சரிந்தது. அதன் பின்னர் நெடுங்காலம் அந்த அளவுக்கு நாடளாவிய திரையரங்கச் சங்கிலி எதுவும் வளரவில்லை.

விடுதலைக்குப் பின்னர் 1955 ஆம் ஆண்டின் திரையரங்குகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ், நிலையான அரங்குகளுக்கும் டூரிங் டாக்கீசுகளுக்கும் இடம்தோறும் தனித்தனியாக உரிமம் வழங்கப்பட்டது. சென்னையில் சபையர் (1964), தேவி (1970), சத்யம் (1974) என ஒரே வளாகத்தில் பல அரங்குகள் எழுந்தன. இவையும் உள்ளூர் முதலாளிகளுடையவையே.

எஸ்பிஐ சினிமாஸ்

இராயப்பேட்டையின் சத்யம் வளாகத்தை அடித்தளமாகக் கொண்டு வளர்ந்த எஸ்பிஐ சினிமாஸ், எஸ்கேப், பலாசோ முதலிய அரங்குகளைத் தொடங்கி, சென்னைக்கு வெளியேயும் பரவியது. ஒரு நகரத்து நிறுவனமாக இருந்தும், வடநாட்டுச் சங்கிலிகளுக்கு இணையான வசதிகளை அது தந்தது. 2018 ஆகஸ்டில் அதன் 71.69 விழுக்காட்டுப் பங்குகளை ₹633 கோடிக்கு வாங்குவதாகவும், எஞ்சிய பங்குகளுக்கு ஈடாகத் தன் பங்குகளை வழங்குவதாகவும் பிவிஆர் அறிவித்தது. அப்போது எஸ்பிஐ வசம் 10 நகரங்களில் 76 திரைகள் இருந்தன. பிவிஆரின் மொத்தத் திரைகள் 700 ஐக் கடந்தன. சத்யம், எஸ்கேப், பலாசோ ஆகிய பெயர்கள் கைவிடப்படவில்லை; அவற்றின் முன் வாங்கிய நிறுவனத்தின் பெயர் சேர்க்கப்பட்டது. பழகிய பெயரே அரங்கின் மதிப்பில் ஒரு பகுதி என்பதை வாங்கியவர்கள் அறிந்திருந்தனர்.

பிவிஆர்–ஐநாக்ஸ் இணைவு

பிவிஆர் என்பது பிரியா வில்லேஜ் ரோட்ஷோ என்பதன் சுருக்கம். டெல்லியின் பிரியா திரையரங்க உரிமையாளரும் ஆத்திரேலிய நிறுவனம் ஒன்றும் 1995 இல் கூட்டாகத் தொடங்கிய இந்நிறுவனம், 1997 இல் டெல்லி சாகேத்தில் தன் முதல் பன்திரை அரங்கைத் திறந்தது. அது சினிமேக்ஸ் நிறுவனத்தை 2012 இல் ₹395 கோடிக்கும், டிடி சினிமாஸ் அரங்குகளை 2016 இலும் வாங்கியது. ஐநாக்ஸும் ஃபேம், சத்யம் சினிபிளெக்சஸ் ஆகிய நிறுவனங்களை வாங்கியே பெருகியது. இந்தச் சத்யம் சினிபிளெக்சஸ் டெல்லியைச் சேர்ந்தது. சென்னைச் சத்யத்துடன் தொடர்பற்றது.

கோவிட் பெருந்தொற்றுக் காலத்தில் அரங்குகள் மூடிக் கிடந்து இரு நிறுவனங்களும் இழப்பில் இருந்தபோது, 2022 மார்ச் 27 அன்று இணைப்பு அறிவிக்கப்பட்டது. ஐநாக்ஸின் ஒவ்வொரு 10 பங்குகளுக்கும் பிவிஆரின் 3 பங்குகள் வழங்கப்பட்டன. இணைப்பு 2023 பெப்ரவரி 6 அன்று நடைமுறைக்கு வந்தது. அறிவிப்பின்போது இரு நிறுவனங்களுக்கும் சேர்த்து 109 நகரங்களில் 1,546 திரைகள் இருந்தன. அதே ஆண்டு மே மாதத்தில், இழப்பில் இயங்கும் சுமார் 50 திரைகளை மூடுவதாகப் புதிய நிறுவனம் அறிவித்தது. அக்டோபரில், மாதம் ₹699 செலுத்தினால் திங்கள் முதல் வியாழன் வரை 10 படங்கள் வரை பார்க்கும் பருவச்சீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது.

போட்டிச் சட்டமும் உள்ளூர்ச் சந்தையும்

இந்தியாவில் பெரிய நிறுவன இணைப்புகளை இந்தியப் போட்டி ஆணையம் ஆராய்கின்றது. டிடி சினிமாஸ் விற்பனையை ஆராய்ந்தபோது ஆணையம் நாட்டின் மொத்தத் திரைகளை மட்டும் பார்க்கவில்லை. டெல்லி சுற்றுவட்டாரத்தின் குறிப்பிட்ட பகுதிகளில் இரசிகருக்கு வேறு அரங்கு இருக்குமா என்று பார்த்தது. அதன் விளைவாக 39 திரைகளுக்குப் பதில் 32 திரைகளே கைமாறின. படம் பார்ப்பவர் தம் வீட்டிலிருந்து சென்று திரும்பக்கூடிய தொலைவுக்குள்தான் அரங்கைத் தேடுவார் என்பதால் இம்முறை பொருத்தமானது.

ஆனால் அப்போது இந்த ஆய்வு, சொத்து அல்லது விற்றுமுதல் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டிய இணைப்புகளுக்கே கட்டாயமாக இருந்தது. பெருந்தொற்றால் வருவாய் வீழ்ந்திருந்தமையால், நாட்டின் மிகப் பெரிய இரு சங்கிலிகளின் இணைப்பு அவ்வரம்புக்குக் கீழே அமைந்து, ஆணையத்தின் முன் ஒப்புதல் இன்றியே நிறைவேறியது. நுகர்வோர் அமைப்பு ஒன்று அளித்த முறையீட்டை, வருங்காலத்தில் தீங்கு நேரலாம் என்ற அச்சத்தின் அடிப்படையில் விசாரிக்க இயலாது என்று ஆணையம் 2022 செப்டம்பரில் தள்ளியது. மேல்முறையீடும் 2023 இல் தள்ளுபடியானது.

தமிழ்நாட்டில் நுழைவுக் கட்டணத்தின் உச்ச வரம்பை அரசே விதிக்கின்றது. 2017 அக்டோபரில் பன்திரை அரங்குகளுக்கான வரம்பு ₹120 இலிருந்து ₹150 ஆக (வரிகள் நீங்கலாக) உயர்த்தப்பட்டது. எனவே இங்கு இணைப்பின் விளைவை நுழைவுச்சீட்டில் மட்டும் தேடினால் கிடைக்காது. தின்பண்ட விலையிலும், இணையவழி முன்பதிவுக் கட்டணத்திலும், விநியோகஸ்தருடன் வசூலைப் பங்கிடும் விழுக்காட்டிலும் தேட வேண்டும். சங்கிலி அரங்குகளின் வருவாயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உணவு, பானங்களில் இருந்தே வருகின்றது.

பிற நாடுகளில்

ஐக்கிய அமெரிக்காவில் 1948 ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை அடுத்து, படத் தயாரிப்பு நிறுவனங்கள் தம் திரையரங்குகளை விற்க நேர்ந்தது. அதன் வழியாக வந்த கட்டுப்பாடுகள் 2020 இல் நீக்கப்பட்டன.

உள்ளூர்ச் சந்தை என்னும் கருத்தை விளக்க, அந்நாட்டின் பனிச்சறுக்குத் தலங்கள் நல்ல எடுத்துக்காட்டு. அங்கும் குடும்பங்கள் நடத்திய சிறு மலைத்தலங்களைப் பெரு நிறுவனங்கள் வாங்கி, ஒரே பருவச்சீட்டில் அனைத்துக்கும் அனுமதி அளிக்கின்றன. வெயில் ரிசார்ட்ஸ் நிறுவனம் 2019 இல் ஒரே விற்பனையில் 17 தலங்களைப் பெற்றது. எனினும் நீதிமன்றத்தில் சிக்கியது மிகச் சிறிய ஒரு விற்பனை ஆகும். நியூயார்க் மாநிலத்தின் சிரக்கியூஸ் நகருக்கருகே இரு தலங்களை வைத்திருந்த ஒரு நிறுவனம், மூன்றாவதான டோகன்பர்க் தலத்தை 2021 இல் வாங்கி உடனே மூடிவிட்டது. மாநிலத் தலைமை வழக்கறிஞர் 2022 இல் வழக்குத் தொடுத்தார். இச்செயல் போட்டிக்கு எதிரானது என 2024 இல் நீதிமன்றம் கண்டது. நாடளாவிய கணக்கில் ஒரு பொருட்டே அல்லாத அந்த விற்பனை, அவ்வட்டார மக்களுக்கு இருந்த தெரிவுகளைச் சுருக்கியது.

சிற்றூர்களின் நிலை

இவ்வளவுகோலைத் தென்காசி போன்ற ஊருக்குப் பொருத்திப் பார்க்கலாம். இலஞ்சி, மேலகரம், குற்றாலம் முதலிய ஊர்களுக்குச் சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள நகரம் தென்காசியே. அடுத்த பெருநகரான திருநெல்வேலி அங்கிருந்து 50 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. மாலைக் காட்சிக்காக அவ்வளவு தொலைவு செல்வோர் குறைவு. ஆகவே இத்தகைய ஊரில் ஓர் அரங்கு கைமாறினாலோ மூடப்பட்டாலோ ஏற்படும் வேறுபாடு, சென்னையில் பத்து அரங்குகள் கைமாறுவதைவிடப் பெரிதாக இருக்கக்கூடும். அதைப் பதிவு செய்யும் சட்ட வரம்பு எதுவும் இல்லை.

பெரிய சங்கிலிகள் இத்தகைய ஊர்களை விலைக்கு வாங்க முனைவது அரிது. இங்கு நிலவும் முறை குத்தகையாகும். வாரிசுகள் வேறு தொழிலுக்குச் சென்றுவிட்ட நிலையில், அரங்கை ஒரு விநியோகஸ்தரோ வேறூர் அரங்க உரிமையாளரோ ஆண்டுக் கணக்கில் குத்தகைக்கு எடுக்கிறார். திருநெல்வேலி–கன்னியாகுமரி விநியோக வட்டாரத்தைத் திரைத்துறையினர் டி.கே. ஏரியா என்பர். ஒரு வட்டாரத்தில் பல அரங்குகளைக் குத்தகையில் வைத்திருப்பவர், எந்தப் படம் எத்தனை நாள் ஓடும் என்பதை முடிவு செய்யும் இடத்தில் இருக்கிறார். முகப்பில் பழைய குடும்பத்தின் பெயரே இருப்பதால் இந்தத் திரட்சி வெளியே தெரிவதில்லை.

படச்சுருள் மறைந்து எண்முறைத் திரையிடல் வந்தது மற்றொரு படி. புதிய கருவி சிறு அரங்குகளுக்கு எட்டாத விலையில் இருந்தது. கியூப், யுஎஃப்ஓ போன்ற நிறுவனங்கள் கருவியைத் தந்து, ஈடாகத் தயாரிப்பாளரிடம் விபிஎஃப் எனப்படும் படிக் கட்டணத்தை வசூலித்தன. இக்கட்டணத்தை எதிர்த்துத் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கம் 2018 மார்ச் முதல் ஏறத்தாழ ஏழு வாரங்கள் புதிய படங்களை வெளியிடாமல் நிறுத்தியது. கட்டடமும் உரிமமும் உள்ளூரில் இருந்தும், கருவி அறையின் சாவி வேறிடத்தில் இருந்ததை அப்போராட்டம் காட்டியது.

சங்கிலியிலும் சேராமல், குத்தகைக்கும் போகாமல் மறைந்த அரங்குகளும் பல. சிற்றூர்களில் அவை திருமண மண்டபங்களாகவும் கிடங்குகளாகவும் மாறியுள்ளன. சென்னை அண்ணா சாலையில் 1961 இல் திறக்கப்பட்டு, நடிகர் சிவாஜி கணேசன் குடும்பத்தாரின் உடைமையாக இருந்த சாந்தி திரையரங்கு 2016 இல் மூடப்பட்டது. அங்கு நிலத்தின் மதிப்பு காட்சி வசூலை எப்போதோ தாண்டிவிட்டிருந்தது.