ஒரு சில்லிங் உரிமையும் பெயரில்லா முகங்களும்

2014 அக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லந்த மீரியபெத்த தோட்டத்து லயன்களை மண்சரிவு மூடியது. அப்போது எடுக்கப்பட்ட ஒளிப்படங்கள் உலகெங்கும் வெளிவந்தன. இத்தகைய படங்களின் ஓரத்தில் எடுத்தவரின் பெயரோ நிறுவனத்தின் பெயரோ இருக்கும். கண்ணீரோடு நிற்பவரின் பெயர் பெரும்பாலும் இராது. மலையகத்தில் இது பழைய வழக்கம்.

பிரித்தானியச் சட்டத்தில் ஒளிப்படத்திற்கு முதன்முதலாக இடமளித்தது 1862ஆம் ஆண்டின் நுண்கலைப் பதிப்புரிமைச் சட்டம். எடுத்தவரின் ஆயுட்காலமும் அதன்பின் ஏழாண்டும் உரிமை நிலைக்கும். ஆனால் இலண்டனில் ஒரு சில்லிங் கட்டிப் பதிவு செய்யாதவர் வழக்குத் தொடுக்க இயலாது.

இதை நன்கு உணர்ந்தவர் ஜூலியா மார்கரெட் கமரன். கோல்புறூக் - கமரன் ஆணைக்குழு என்று பள்ளியில் படித்தோமே, அந்தக் கமரனின் மனைவி. 1864 முதல் 1875 வரை ஐந்நூறுக்கும் மேற்பட்ட படங்களை அவர் பதிவு செய்தார். 1866இல் பெர்லின் கண்காட்சியில் தங்கப் பதக்கமும் பெற்றார். 1875இல் இலங்கையில் குடியேறி, 1879இல் டிக்கோயாவில் காலமானார். கல்லறை பொகவந்தலாவையில் உள்ளது. இங்கிலாந்தில் அவர் படமெடுத்த வேலைக்காரப் பெண் மேரி ஹில்லியரின் பெயர் நமக்குத் தெரியும். இலங்கையில் அவர் எடுத்த உழைப்பாளரின் பெயர்களோ தெரியா. களுத்துறைக் குடியானவர் என்பது போன்ற தலைப்புகளே எஞ்சின. எசமானரின் வீட்டு வேலைக்காரிக்குக் கிடைத்த மரியாதைகூட இங்குள்ளோருக்குக் கிடைக்கவில்லை.

அச்சட்டத்தில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. பணம் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னவருக்கே, வேறு எழுத்து ஒப்பந்தம் இல்லையேல், உரிமை சென்றது. 1911ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டம் பதிவைக் கைவிட்டாலும் இந்த விதியை விடவில்லை. அது 1912இல் இலங்கைக்கும் வந்தது. ஊவாத் தோட்டமொன்றில் துரை கூலி கொடுத்துக் கொழுந்து பறிப்போரைப் படமெடுப்பித்தால், படம் துரையுடையது. படமெடுப்பவருக்கே உரிமையில்லாதபோது கூடை சுமந்தவளை யார் கேட்பார்?

இன்று நிலைமை வேறு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, படைப்பு உருவான கணமே பாதுகாப்பும் உருவாகிறது, பதிவு வேண்டியதில்லை. எடுத்தவரின் ஆயுளுக்குப் பின்னும் 70 ஆண்டு நீடிக்கும். பத்திரிகையில் சம்பளத்திற்கு எடுத்தால் மட்டும், மாற்று ஒப்பந்தம் இல்லாதவிடத்து, பொருளாதார உரிமை முதலாளிக்கு. எங்கள் தொழிலில் பலர் இதை ஓய்வு பெற்ற பின்னரே அறிகிறார்கள்!

எனவே, நடுவர் குழு தெரிவு செய்யும் கண்காட்சிக்குப் படம் அனுப்பும் கொஸ்லந்த இளைஞர், விண்ணப்பத்தின் சிறிய எழுத்துகளைத்தான் முதலில் வாசிக்க வேண்டும். கண்காட்சியிலும் அதன் விளம்பரத்திலும் காட்ட அனுமதி கேட்பது நியாயம். அனுப்பிய படங்கள் அனைத்தும், தேறாதவைகூட, என்றைக்கும் தமக்கே சொந்தம் என்று ஏற்பாட்டாளர் எழுதியிருந்தால் கையொப்பமிடலாகாது. தெரிவுக்குச் சிறிய அளவுப் பிரதி போதும்; மூலக் கோப்பைக் கையிலிருந்து விடவேண்டாம். படத்தின் விவரத்தில் தம் பெயரோடு, படத்தில் உள்ளவர் சம்மதித்தால், அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுதி அனுப்பலாம்.