வழுக்கும் கூட்டல் குறி

நம் ஊர் ஹார்டுவேர் கடையில் ‘ஸ்டார் பிட்’ என்று கேட்டால் கூட்டல் குறி முனை உள்ளதைத்தான் எடுத்துப் போடுவார்கள். வெளிநாட்டு வீடியோக்களில் ஸ்டார் என்றால் ஆறு இதழ் கொண்ட டார்க்ஸ். இந்த வித்தியாசம் தெரியாமல் நான் ஒரே கடைக்கு இரண்டு முறை நடந்திருக்கிறேன்.

அந்தக் கூட்டல் குறி எங்கிருந்தோ சுற்றி வந்தது. அதற்கு முன் சில நூற்றாண்டுகளாகத் திருகாணி மண்டையில் இருந்தது பெரும்பாலும் ஒற்றைக் கோடுதான். ஓர் அரம் இருந்தால் அதை வெட்டிவிடலாம், செய்பவருக்குச் சுலபம். திருகுபவர் பாடுதான் திண்டாட்டம். திருப்புளி பக்கவாட்டில் நழுவும், மரத்தைக் கீறும், சமயத்தில் விரலையும்.

கனடாவில் பீட்டர் ராபர்ட்சன் என்ற கருவி விற்பனையாளருக்கு அப்படித்தான் கை கிழிந்தது என்று சொல்வார்கள். தெருவில் கூட்டம் கூட்டித் திருப்புளி விற்றுக்கொண்டிருந்தபோது நடந்ததாம். 1909இல் சதுரக் குழி வைத்த திருகாணிக்குக் காப்புரிமை பெற்றார், ஒன்டாரியோவின் மில்டனில் ஆலை போட்டார். அவருடைய பிட்டின் நுனியில் ஆணி விழாமல் நிற்கும், ஒரு கையே போதும். ஃபோர்டின் கனடா ஆலைக்கு அது மிகவும் பிடித்துப்போனது. ஆனால் உரிமத்தை விட்டுத்தர ராபர்ட்சன் சம்மதிக்கவில்லை. பிடிவாதம் என்று சிலர் சொல்வார்கள். ஏற்கெனவே இங்கிலாந்தில் உரிம விஷயத்தில் கைசுட்டுக்கொண்டவர் வேறென்ன செய்வார் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தச் சதுரம் கனடாவைத் தாண்டிப் பெரிதாகப் பரவவில்லை. அங்கே தச்சர்கள் இன்றும் அளவை நிறத்தால் அடையாளம் காண்கிறார்கள்: 1 பச்சை, 2 சிவப்பு, 3 கறுப்பு.

காலியாக இருந்த இடத்தில் அமெரிக்காவின் போர்ட்லேண்டிலிருந்து ஹென்றி பிலிப்ஸ் வந்து உட்கார்ந்தார். ஜான் தாம்ப்சன் என்பவரின் கூட்டல் குறி யோசனையை வாங்கித் திருத்தியவர் அவர். இப்படி ஒரு குழியை அச்சில் அடிக்கவே முடியாது என்று பல ஆலைகள் கைவிரித்தன. அமெரிக்கன் ஸ்க்ரூ கம்பெனி ஒப்புக்கொண்டது, 1936இல் அந்தத் திருகாணி காடிலாக் காரில் ஏறியது. அந்தக் குழியின் சுவர்கள் உள்நோக்கிச் சரிந்திருக்கும். அதனால் ஓடும் வரிசையில் நிற்கும் இயந்திரத்தின் முனை தானாகவே நடுவுக்கு வந்து உட்காரும். தொழிற்சாலைக்கு அது வரம். நமக்கு அதே சரிவுதான் சாபம். முறுக்கு ஏற ஏற முனை சரிவில் ஏறி வெளியே துள்ளும், இரண்டு துள்ளலில் மண்டை வழவழவென்று தேய்ந்துவிடும். மணிக்கட்டைக் குறை சொல்ல வேண்டாம், பின்னாலிருந்து அழுத்தம் போதவில்லை, அல்லது பிட் அளவு தவறு.

இந்தச் சரிவைக் குறைத்ததுதான் 1960களில் வந்த போசிட்ரிவ். பார்க்க அண்ணன் தம்பி போலிருக்கும். கூட்டல் குறிகளுக்கு இடையே மூலைவாட்டில் நான்கு மெல்லிய கீறல் தெரிந்தால் அது போசி. ஐரோப்பிய அலமாரிக் கீல்களோடு வரும் திருகாணிகளில் இதைப் பார்க்கலாம். என் சமையலறைக் கதவு தொங்கியபோது சாதாரண பிலிப்ஸ் பிட்டை (பிஎச்2) வைத்து மூன்று ஆணிகளை நாசம் செய்தேன். வந்த தச்சர் மண்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, “இதுக்கு வேற பிட்டு சார்” என்றார், அவ்வளவுதான்.

பழைய ஜப்பானிய பைக்குகளின் இன்ஜின் மூடி திருகாணிகளில் இதே வம்பு வேறு உருவத்தில் இருக்கும். மண்டையில் ஒரு சிறு புள்ளி இருந்தால் அது ஜப்பானிய அளவுமுறை. பிலிப்ஸ் முனை அதில் அடிவரை இறங்காது. சுத்தியலால் தட்டினால் தானே திரும்பும் இம்பேக்ட் டிரைவரைக் கையில் எடுத்துக்கொள்வது நல்லது.

டார்க்ஸ் 1967இல் வந்தது. அதன் சுவர்கள் நேர் செங்குத்து, அதனால் முனையை மேலே தள்ள ஒன்றுமில்லை. நீளமான மரத்திருகாணி இறக்க அதைவிட நல்லதை நான் பயன்படுத்தியதில்லை.

எதை எடுப்பது என்று தெரியாதபோது நான் செய்வது இதுதான்: காந்தமில்லாத பிட்டைப் படுக்கைவாட்டில் பிடித்து, நுனியில் ஆணியை மாட்டி, மெல்ல ஆட்டிப் பார்ப்பேன். கடகடவென்று ஆடினால் பிட்டை மாற்றுவேன். வீட்டில் பெரும்பாலான மரத்திருகாணிக்கு பிஎச்2 போதும். பொம்மை, பிளக் என்றால் பிஎச்1. பேட்டரிப் பெட்டியின் குட்டித் திருகாணிக்கு பிஎச்0. முனை வட்டமாகிப்போன பிட்டைத் தூக்கி எறிய மனம் வராது. அதை வைத்திருந்தால் புது ஆணியும் பாழாகும்.

என் பெட்டியில் போசி பிட் தனியே தெரியவேண்டும் என்று அதன் கழுத்தில் சிவப்பு நகப்பூச்சு தடவியிருக்கிறேன். ராபர்ட்சனின் சிவப்பு. பாட்டில் பாதி காலியானது எப்படி என்ற விசாரணை வீட்டில் இன்னும் முடியவில்லை.