மாத்தளைத் தோட்டங்களில் வாக்குரிமை

மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து வந்த தென்னிந்தியத் தொழிலாளருக்கு மாத்தளையே மலைநாட்டின் வாசலாக இருந்தது. அவர்களின் உழைப்பால் கோப்பியும் பின்னர் தேயிலையும் இறப்பரும் இங்கே வளர்ந்தன. சட்டசபைத் தேர்தல்களோ நெடுங்காலம் படிப்பும் சொத்தும் உள்ளவர்களின் விவகாரம். நாட்டு மக்களில் சுமார் 4 சதவீதத்தினரே வாக்காளராயிருந்தனர்.

டொனமூர் ஆணைக்குழுவின் பரிந்துரைகளைத் தொடர்ந்து 1931இல் 21 வயது நிரம்பிய ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை வந்தது. ஆசியாவிலேயே அது முன்னோடி. ஆனால் தோட்ட வாக்குகள் தம்மை மூழ்கடிக்கும் எனக் கண்டிச் சிங்களத் தலைவர்கள் அஞ்சியதால், இலங்கையில் நிலையாகக் குடியிருப்பவர் என்று காட்டும்படி இந்தியத் தொழிலாளரிடம் கேட்கப்பட்டது. ‘அனைவருக்கும்’ என்ற சொல் தோட்டத்துக்குள் முழுமையாக வரவில்லை.

1947 பொதுத்தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. அவற்றில் மாத்தளை இல்லை. எனினும் வேறு பல தொகுதிகளில் தோட்ட வாக்குகள் இடதுசாரிகளுக்குக் கைகொடுத்தன. டி. எஸ். சேனநாயக்க அரசு கண்டுகொண்டது இதைத்தான். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தந்தை வழிப் பிறப்புக்குச் சான்று கேட்டது; பிறப்புப் பதிவே இல்லாத லயத்துக் குடும்பங்கள் எதைக் காட்டும்? 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் பிரஜைகளுக்கே வாக்கு என்றது. அடுத்த தேர்தலுக்குள் இடாப்பிலிருந்து அவர்களின் பெயர்கள் நீங்கின. 1952இல் காங்கிரஸ் சத்தியாக்கிரகம் செய்தது, பயனில்லை. இச்சட்டங்களை எதிர்த்த கோடகன் பிள்ளை வழக்கில் பிரித்தானியக் கோமறைக் கழகமும் 1953இல் கைவிரித்தது.

பிரஜாவுரிமை கோரிச் சுமார் 8,25,000 பேர் விண்ணப்பித்தும், பெற்றவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேரே. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. சம்பந்தப்பட்டவர்களின் விருப்பம் அந்தக் கணக்கில் சேரவில்லை. எஞ்சியோரை 1988, 2003 சட்டங்களே பிரஜைகளாக்கின.

வாக்கு திரும்பியபோது தேர்தல் முறையே மாவட்ட விகிதாசாரத்துக்கு மாறியிருந்தது. மாத்தளை மாவட்டத்துக்கு 5 ஆசனங்கள். அவற்றுள் ஒன்று முதலிடம் பெறும் கட்சிக்குப் போனஸாகப் போய்விடும். இந்திய வம்சாவளித் தமிழர் மாவட்ட மக்களில் சுமார் 5 சதவீதத்தினர். தனிப்பட்டியலில் வெல்ல இது போதாது. பெரிய கட்சியொன்றின் பட்டியலில் இடம்பிடித்து, விருப்பு வாக்குகளால் மேலெழுவதே அவர்களின் வேட்பாளருக்கு எஞ்சியிருக்கும் வழி.