கரையான் மருந்து: சட்டப் பாதுகாப்பும் நச்சுப் பாதிப்பின்போது செய்ய வேண்டியவையும்

கதவு, நிலை, உத்திரம் போன்ற மரப்பொருள்களைக் கரையானிடமிருந்து காக்கப் பூசப்படும் மருந்துகளும் பூச்சிக்கொல்லிகளே. வயலில் தெளிக்கப்படும் குளோர்பைரிபாஸ் கரையானுக்கும் பயன்படுகிறது. எனவே, அனந்தபுரம், செஞ்சிப் பகுதிகளில் வீடு கட்டுவோரும் பழுதுபார்ப்போரும் வயலில் காட்டும் அதே எச்சரிக்கையை வீட்டினுள்ளும் காட்ட வேண்டும்.

சட்டம் கூறுவது என்ன?

பூச்சிக்கொல்லிச் சட்டம், 1968-இன்படி, மத்தியப் பதிவுக் குழுவில் பதிவு பெறாத மருந்தை விற்கக் கூடாது. விற்பனையாளரும், கட்டணம் பெற்றுக் கரையான் ஒழிப்புப் பணி செய்பவரும் உரிமம் பெற்றிருத்தல் வேண்டும்.

முன்னர்க் கரையானுக்குப் பயன்பட்ட ஆல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டாகுளோர் ஆகியவை 1996-இல் தடை செய்யப்பட்டன. லிண்டேன் பயன்பாடு 2013 மார்ச் 25 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. இவை மண்ணில் பல ஆண்டுகள் சிதையாமல் இருப்பவை, உடற்கொழுப்பிலும் சேர்பவை. குளோர்பைரிபாஸ், சில விலக்குகளுடன், 2025-இல் ஸ்டாக்ஹோம் பன்னாட்டு உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

• முத்திரை உடையாத மூலக் கொள்கலனில் மட்டுமே வாங்குங்கள். தண்ணீர்ப் புட்டியில் பிரித்துத் தரப்படுவதை ஏற்காதீர்கள்.
• பதிவு எண், காலாவதி நாள், மருந்தின் வேதிப்பெயர் ஆகியவற்றைச் சரிபாருங்கள்.
• சிட்டையில் உள்ள முக்கோணத்தின் நிறம் நச்சுத்தன்மையைக் குறிக்கும்: சிவப்பு மிகக் கடுமையானது, அடுத்தடுத்து மஞ்சள், நீலம், பச்சை.
• ஐயம் எழுந்தால் வேளாண்மைத் துறையின் பூச்சிக்கொல்லி ஆய்வாளரிடம் புகார் அளிக்கலாம்.

பயன்படுத்தும்போது

கையுறையும் முகக்கவசமும் அணியுங்கள். சன்னல்களைத் திறந்து வையுங்கள். குழந்தைகள், கருவுற்ற தாய்மார்கள், ஆஸ்துமா நோயாளிகள் ஆகியோர் மருந்து உலர்ந்து, அறை நன்கு காற்றோட்டம் பெறும் வரை அங்கு இருத்தல் கூடாது. கிணறு, குடிநீர்த் தொட்டி அருகே மருந்தை ஊற்றாதீர்கள். மருந்தூட்டிய பழைய மரத்தை வெந்நீர் அடுப்பில் விறகாக எரிக்காதீர்கள். சில மரக்காப்பு மருந்துகளில் உள்ள ஆர்சனிக் புகையிலும் சாம்பலிலும் கலக்கும்.

நச்சுப் பாதிப்பின் அறிகுறிகள்

குளோர்பைரிபாஸ் உடலில் சேர்ந்தால் மிகுந்த வியர்வை, எச்சில் ஒழுகுதல், கண்ணீர், கண்மணி சுருங்குதல், வாந்தி, வயிற்றுப்போக்கு, தசைத் துடிப்பு, மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றலாம். தோல் வழியாகவும் இது உடலில் சேரும். எனவே, மருந்தைக் குடிக்கவில்லை என்பதால் பாதிப்பில்லை எனக் கருதாதீர்கள்.

உடனடியாகச் செய்ய வேண்டியவை

1. பாதிக்கப்பட்டவரைக் காற்றோட்டமான இடத்திற்குக் கொண்டு செல்லுங்கள்.
2. கையுறை அணிந்து, மருந்து பட்ட உடையைக் களையுங்கள். தோலைச் சோப்பு நீரால் கழுவுங்கள். கண்ணில் பட்டிருந்தால் தூய நீரால் 15 நிமிடங்கள் கழுவுங்கள்.
3. உப்புக் கரைசல், புளிக்கரைசல் கொடுத்து வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். மருந்தில் கலந்துள்ள எண்ணெய்க் கரைப்பான் நுரையீரலுக்குள் சென்றால் உயிருக்கு ஆபத்து.
4. நினைவிழந்தவரை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.
5. 108 எண்ணை அழையுங்கள். அறிகுறி தோன்றும் வரை காத்திராதீர்கள்.
6. மருந்துக் கொள்கலனையோ அதன் சிட்டையின் படத்தையோ உடன் கொண்டு வாருங்கள்.

கொள்கலன் ஏன் தேவை?

குளோர்பைரிபாஸ் நச்சுக்கு அட்ரோபின் ஊசி முக்கிய முறிமருந்து. பைபென்த்ரின் போன்ற மற்றொரு வகைக் கரையான் மருந்துக்குத் தனி முறிமருந்து இல்லை. அறிகுறிகளுக்கேற்பச் சிகிச்சை அளிக்கப்படும். மருந்தின் பெயர் தெரிந்தால் மருத்துவர் காலதாமதமின்றி உரிய சிகிச்சையைத் தொடங்க இயலும். எவராவது தற்கொலை எண்ணத்தில் அருந்தியிருந்தால் அதனை மறைக்காமல் கூறுங்கள். சிகிச்சையுடன் மனநல ஆலோசனையும் வழங்கப்படும். ஆலோசனைக்கு 104 எண்ணை அழைக்கலாம்.

எஞ்சிய மருந்தைப் பூட்டி வையுங்கள். காலிக் கொள்கலனைத் துளையிட்டு அப்புறப்படுத்துங்கள், வேறெதற்கும் பயன்படுத்தாதீர்கள்.