பெட்டிக்குள் ஒரு போர்க்கப்பல்: யமாட்டோவும் துல்லியத்தின் அரசியலும்

1

பத்தாம் வகுப்பு முடித்ததற்குப் பரிசாக அக்கா மகன் கேட்டது ஒரு பிளாஸ்டிக் கப்பல். ஏதோ ஒரு கப்பல் போதாதாம், ஜப்பானின் ‘யமாட்டோ’தான் வேண்டுமாம். பீரங்கிப் போர்க்கப்பல்களில் உலகிலேயே பெரியது அது. ஒட்டிச் சேர்க்கிற மாடல்தானே, போய் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்றுதான் அவனையும் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரர் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்துவிட்டு, “எந்த வருஷத்துக் கப்பல் சார் வேணும்?” என்று கேட்டார்.

சாதாரணமாகக் கேட்ட கேள்விதான். ஆனால் அதிலிருந்து என்னால் சுலபமாக வெளியே வர முடியவில்லை.

அளவு பற்றிய பிரச்சினை எளிது. 263 மீட்டர் நீளமுள்ள கப்பலை 700இல் ஒரு பங்காக்கினால் ஏறக்குறைய 38 செ.மீ., 350இல் ஒரு பங்காக்கினால் 75 செ.மீ. வீட்டில் இருக்கிற அலமாரியும் பையில் இருக்கிற பணமும் அதைத் தீர்மானித்துவிடும். வருஷம் அப்படியில்லை. 1941 டிசம்பரில் கடற்படையில் சேர்ந்தபோது யமாட்டோவில் 15.5 செ.மீ. பீரங்கிக் கோபுரங்கள் நான்கு இருந்தன. 1944 தொடக்கத்தில் பக்கவாட்டில் இருந்த இரண்டையும் கழற்றிவிட்டு விமான எதிர்ப்புப் பீரங்கிகளைப் பொருத்தினார்கள். 1945இல் பார்த்தால் தளம் முழுக்க 25 மி.மீ. துப்பாக்கிகள், நூற்றுக்கும் மேலே. 1941இன் யமாட்டோ கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது; 1945இன் யமாட்டோ பயத்தோடு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான். பெட்டியைத் தேர்ந்தெடுக்கிறவர் ஒரு தேதியைத் தேர்ந்தெடுக்கிறார். வரலாறு எழுதுகிறவர் செய்யும் முதல் காரியமும் அதுதான் எனலாம்.

2

இந்தக் கப்பலை அது இருந்த காலத்தில் அதன் சொந்த மக்களே பார்த்ததில்லை. 1937 நவம்பரில் குரே கடற்படைத் தளத்தில் கட்டத் தொடங்கியதிலிருந்தே மறைப்புத்தான். துறையைச் சுற்றித் தடுப்புகள் எழும்பின. பீரங்கிகளின் 46 செ.மீ. விட்டத்தை ஆவணங்களில் 40 என்றே குறித்தார்கள். போர் தோற்றபோது வரைபடங்களில் பெரும்பகுதியை எரித்துவிட்டார்கள். மிஞ்சிய புகைப்படங்கள் கொஞ்சம். பெரும்பாலான ஜப்பானியர்களுக்கு யமாட்டோ என்ற கப்பலின் பெயர் தெரியவந்ததே அது மூழ்கிய பிறகுதான்.

அரசு மக்களிடமிருந்து ஒளித்த அந்த உடலைச் சந்தை துண்டு துண்டாக நறுக்கி மக்களிடம் விற்றது. ஷிஸுவோகா நகரத்தில் மரப் பொம்மை மாடல்கள் செய்துகொண்டிருந்த தாமியா நிறுவனம் 1960இல் பிளாஸ்டிக்கில் இறங்கியது. அதன் முதல் பிளாஸ்டிக் மாடல் எது தெரியுமா? 800இல் ஒரு பங்கு யமாட்டோ. நிச்சிமோ என்ற இன்னொரு நிறுவனமும் அதே கப்பலை இன்னும் குறைந்த விலைக்குச் சந்தையில் இறக்கியதால் தாமியாவின் முதல் கப்பல் வியாபாரத்தில் தோற்றது. தொழில் வரலாற்றில் இதை ஒரு சுவையான சம்பவமாகச் சொல்வார்கள். எனக்கு உறுத்துவது வேறு. போர் முடிந்து பதினைந்தே வருஷத்தில், பையன்களின் கையில் கொடுக்க இரண்டு நிறுவனங்களுக்கு ஒரே சமயத்தில் ஞாபகம் வந்தது தோற்று மூழ்கிய ஒரே கப்பல். போரைப் பற்றி அப்பாக்கள் பேசாத வீடுகளில் பிள்ளைகள் சாப்பாட்டு மேசையில் பசை வைத்து அதை ஒட்டிக்கொண்டிருந்திருப்பார்கள். பேச்சு நின்ற இடத்தில் பொம்மை உட்கார்ந்துகொண்டது.

பொம்மைகளைப் பற்றி ரோலான் பார்த் 1957இல் வெளிவந்த தன் நூலில் எழுதியிருக்கிறார். பிரெஞ்சுப் பொம்மைகள் பெரியவர்களின் உலகத்தை அப்படியே சுருக்கிக் கொடுத்துக் குழந்தையை வெறும் உபயோகிப்பாளனாக ஆக்குகின்றன என்பது அவர் வாதம். ஒட்டு மாடலுக்கு இது பாதிதான் பொருந்தும். இங்கே பையன் நறுக்குகிறான், உரசுகிறான், ஒட்டுகிறான், வர்ணம் அடிக்கிறான். உழைப்பு அவனுடையது. ஆனால் அந்த உழைப்பு முழுவதும் வழிகாட்டித் தாளில் ஏற்கெனவே எண் போட்டு வைத்த ஒரு முடிவை நோக்கியே போகிறது. கருத்தியல் வேலை செய்கிற விதத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. நாமே கட்டியது என்ற திருப்தியும் இருக்கும், கட்டியதில் ஒரு திருகுகூட நம் தீர்மானமாக இருக்காது.

3

இந்தத் தொழிலின் அறம் ஒற்றைச் சொல்லில் அடங்கும்: துல்லியம். தாமியா 1978இல் 350இல் ஒரு பங்கு யமாட்டோவைக் கொண்டுவந்தது. 2011இல் அதையே முழுக்கப் புதிதாகச் செய்தது. நடுவில் கடலுக்கடியில் கிடந்த சிதைவு அடையாளம் காணப்பட்டது. கப்பலின் மூக்கில் இருக்கும் பேரரசரின் சாமந்திப்பூச் சின்னம் 1.5 மீட்டர் விட்டமுள்ளது என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். 1999இன் ஆழ்கடல் ஆய்வில் அது 1 மீட்டர்தான் என்று தெரிந்தது. மாடல் பிரியர்களுக்கு இது பெரிய செய்தி. 700இல் ஒரு பங்கில் கணக்குப் போட்டால் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதற்காகவும் வாதம் நடக்கும்.

இதைக் கேலி செய்யவில்லை. எரிக்கப்பட்ட ஆவணத்தைத் துணுக்குத் துணுக்காக மீட்டெடுக்கும் உழைப்புக்கு மரியாதை உண்டு. பாடபேதம் பார்த்துச் சுவடி பதிப்பிக்கிறவர்களின் பொறுமைக்கு அது குறைந்ததில்லை. கேள்வி இதுதான்: சின்னத்தின் விட்டம்வரை திருத்துகிற இந்தத் துல்லியம் எதைத் திருத்தாமல் விடுகிறது? 1.7 மீட்டர் உயரமுள்ள மனிதன் 700இல் ஒரு பங்கில் 2.4 மி.மீ. இருப்பான். ஒரு அரிசியில் பாதிகூட வரமாட்டான். அந்த அளவுப் பெட்டிகளில் பொதுவாக அவன் இருப்பதில்லை. வேண்டுமென்றால் பித்தளைத் தகட்டில் வெட்டிய உருவங்களைத் தனியாக வாங்க வேண்டும். மூவாயிரம் பேருக்கும் மேல் இருந்த கப்பல், ஆளில்லாமல் முழுமை அடைந்துவிடுகிறது.

4

1971இல் ஷிஸுவோகாவின் நான்கு நிறுவனங்கள் சேர்ந்து ஜப்பானியக் கடற்படைக் கப்பல்களைத் தங்களுக்குள் பங்குபோட்டுக்கொண்டு ஒரே அளவில் வெளியிடத் தொடங்கின. அந்த வரிசைக்குப் பெயர் ‘வாட்டர்லைன்’. நீர்மட்டத்துக்குக் கீழே கப்பல் கிடையாது. மேசைமேல் வைத்தால் கடலில் மிதப்பது மாதிரி இருக்கும். யோசனை அழகானதுதான். ஆனால் வெட்டப்பட்ட அந்தப் பாதியில்தான் கொதிகலன் அறைகளும் இயந்திர அறைகளும் இருந்தன.

1945 ஏப்ரல் 6. ஒக்கினாவாவில் இறங்கிவிட்ட அமெரிக்கப் படையை எதிர்க்க, ‘யஹாகி’ என்ற சிறிய குரூஸரும் எட்டு டிஸ்ட்ராயர்களும் துணையாக, காப்பதற்கு விமானங்கள் இல்லாமல் யமாட்டோ புறப்பட்டது. திரும்பிவராது என்பது எல்லோருக்கும் தெரியும். மறுநாள் நடுப்பகலில் அமெரிக்க விமானங்கள் அலை அலையாக வந்தன. டார்ப்பிடோக்கள் பெரும்பாலும் இடது பக்கமே தாக்கின. சாய்வதைச் சரிக்கட்ட வலது பக்கத்து இயந்திர அறைகளுக்குள் தண்ணீரைத் திறந்துவிட உத்தரவு போனது. உள்ளே வேலையில் இருந்தவர்கள் தங்கள் கப்பலின் கையாலேயே மூழ்கினார்கள். மேல்தளத்தில் கவசமில்லாத துப்பாக்கிகளுக்குப் பின்னால் நின்றவர்கள் விமானக் குண்டுகளுக்குப் பலியானார்கள். இரண்டரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. உயிர் பிழைத்தவர்கள் முந்நூறுக்கும் குறைவு.

அவர்களில் ஒருவர் யோஷிதா மித்சுரு. சட்டம் படித்துக்கொண்டிருந்தபோது கடற்படைக்கு வந்தவர், வயது 22. அதே வருஷமே தன் அனுபவத்தைப் பழைய இலக்கிய நடையில் எழுதினார். ஆக்கிரமிப்பு அரசின் தணிக்கை அதைத் தடுத்தது. முழு வடிவம் 1952இல்தான் வெளிவந்தது. எதற்காகச் சாகப்போகிறோம் என்று கப்பலின் இளம் அதிகாரிகள் தங்களுக்குள் கடுமையாக வாதம் செய்ததை அதில் பதிவு செய்திருக்கிறார். எந்தப் பெட்டிக்குள்ளும் அந்த வாதத்துக்கு ஒரு உறுப்பு வார்க்கப்படவில்லை. பெட்டிமேல் வரையப்படும் யமாட்டோ பெரும்பாலும் அலையைக் கிழித்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கிறது. அந்தப் படத்தில் ஏப்ரல் 7 மத்தியானம் வருவதேயில்லை.

5

பெயரையும் விட்டுவிடக் கூடாது. யமாட்டோ என்பது ஜப்பானின் பழம்பெயர். பெருந்தேசியம் தன்னைத்தானே கூப்பிட்டுக்கொள்ளும் பெயர். ஆனால் தனி அரசாக இருந்து பிறகு ஜப்பானோடு இணைக்கப்பட்ட ஒக்கினாவாவின் மக்கள் அந்தச் சொல்லைத் தங்களுக்குச் சொல்லிக்கொள்வதில்லை. அவர்கள் வாயில் அது தலைநிலத்தாரைக் குறிக்கும் சொல், அதாவது ‘அவங்க’. ஒக்கினாவாவைக் காப்பாற்றப் போவதாகச் சொல்லிப் புறப்பட்ட கப்பலின் பெயர், ஒக்கினாவாக்காரர்களின் காதில் வேறொருவரின் பெயர். அந்தத் தீவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட உள்ளூர் மக்கள் செத்தார்கள். 1995இல் அங்கே மாபுனியில் எழுப்பிய நினைவுக் கற்களில் நாடு பார்க்காமல், ராணுவம் குடிமக்கள் என்று பிரிக்காமல் இறந்தவர்களின் பெயர்களை வெட்டினார்கள். இப்போது 2,40,000க்கும் மேலே இருக்கின்றன. 2005இல் குரேயில் திறந்த அருங்காட்சியகத்தின் நடுவே நிற்பதோ 10இல் ஒரு பங்கு யமாட்டோ, 26.3 மீட்டர். ஒரே போருக்கு இரண்டு நினைவுமுறைகள். ஒன்று கப்பலைச் சுருக்குகிறது. மற்றது ஆளைச் சுருக்க மறுக்கிறது.

‘இதில் நமக்கென்ன?’ என்று கேட்கலாம். 1944இல் பல மாதங்கள் யமாட்டோ நின்றிருந்தது சிங்கப்பூருக்குத் தெற்கே லிங்கா தீவுகளின் ஓரம். அதற்கு முந்தைய வருஷம்வரை அதே பேரரசு மலேயாத் தோட்டங்களிலிருந்து நம் ஆட்களைச் சயாம்-பர்மா ரயில்பாதைக்கு ஓட்டிக்கொண்டு போனது. பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. அதே தோட்டங்களிலிருந்துதான் நேதாஜியின் படைக்கும் தமிழர்கள் போனார்கள். ஜப்பான் நமக்கு விடுதலையின் கூட்டாளியாகவும் தண்டவாளத்தின் கங்காணியாகவும் ஒரே சமயத்தில் இருந்தது. முதல் பாதியைப் பெருமையாகச் சொல்லிவிட்டு இரண்டாவதை முனகலாகச் சொல்லுகிற நாமும் நீர்மட்டத்தோடு வெட்டிய வரலாற்றைத்தான் அலமாரியில் வைத்திருக்கிறோம்.

6

கடைசியில் எடுத்தது 700இல் ஒரு பங்கு, 1945. அவனுக்கு 1941தான் பிடித்திருந்தது. “அதுலதான் மாமா பெரிய கோபுரம் நாலும் இருக்கு” என்றான். “பக்கத்துல இருந்த ரெண்டையும் ஏன் கழட்டினாங்கன்னு நீயே கண்டுபிடிச்சுச் சொல்லுடா” என்று சொல்லி இதை வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக் கொடுக்காமலே இருந்திருக்கலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். போர்ப் பொம்மையைத் தடை செய்வதால் போர் பற்றிய கேள்வி ஒன்றும் பிறந்துவிடாது என்று நினைக்கிறேன். தேதி தெரிந்து ஒட்டுகிற கைக்கும் தெரியாமல் ஒட்டுகிற கைக்கும் வித்தியாசம் உண்டு.

வீட்டில் பெட்டியைத் திறந்து, எண் போட்ட சாம்பல் நிறத் துண்டுகளைத் தரையில் பரப்பினான். கப்பலின் உடலைத் தூக்கித் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தான். “கீழ்ப்பாதியைக் காணோமே மாமா, கடைக்காரர் ஏமாத்திட்டாரா?” என்றான்.

அன்று ராத்திரி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். கப்பல் இன்னும் முடியவில்லை.