பூச்சி உணவு: இறால் ஒவ்வாமை உள்ளவர்கள் அறிய வேண்டியவை

மழைக்குப் பின் புற்றிலிருந்து வெளிவரும் ஈசலை இறக்கை நீக்கி, அரிசியுடன் வறுத்து உண்பது தமிழகச் சிற்றூர்களில் நெடுநாளைய வழக்கமாகும். தாய்லாந்தில் சில்வண்டுகள் உணவுக்கெனவே பண்ணைகளில் வளர்க்கப்படுகின்றன. உலகில் 1,900-க்கும் மேற்பட்ட பூச்சியினங்கள் உண்ணப்படுவதாக ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை நிறுவனம் 2013-ஆம் ஆண்டு அறிக்கையில் குறிப்பிட்டுள்ளது. கால்நடை வளர்ப்பை விடக் குறைந்த தீவனமும் நிலமும் போதுமென்பதால், நீடித்த புரத ஆதாரமாக இவை பேசப்படுகின்றன. உலர்ந்த சில்வண்டின் எடையில் பாதிக்கும் மேல் புரதமே.

ஆயினும் இப்புரதம் அனைவருக்கும் ஏற்றதன்று. இறால், நண்டு ஆகியவற்றில் ஒவ்வாமையைத் தூண்டும் ட்ரோபோமயோசின் என்னும் தசைப்புரதத்தை மிகவும் ஒத்த புரதம் பூச்சிகளிலும் உள்ளது. எனவே இறால் ஒவ்வாமை உள்ள ஒருவருக்கு, முதன்முறை உண்ணும் ஈசலும் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும். வீட்டுத்தூசி உண்ணியால் ஒவ்வாமை உள்ளவர்களும் கவனமாக இருத்தல் வேண்டும். நன்கு வறுத்தால் கிருமிகள் அழியும். இப்புரதம் வெப்பத்தைத் தாங்குவதால் ஒவ்வாமை அபாயம் நீங்காது. ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் உலர்ந்த மாவுப்புழுவை உணவாக அனுமதித்தபோது, இவ்வெச்சரிக்கையை உறையில் அச்சிடுவதையும் கட்டாயமாக்கியது. பூச்சி மாவு ரொட்டியிலும் பிஸ்கட்டிலும் கலந்திருந்தால் கண்ணுக்குப் புலப்படாது. வெளிநாட்டுப் பொட்டலங்களின் மூலப்பொருள் பட்டியலைப் படித்த பின்னரே நோயாளிக்கு அளிக்கவும்.

சிறுநீரக நோயாளிகள் இதனையும் தமது அன்றாடப் புரத அளவில் சேர்த்தே கணக்கிட வேண்டும். யூரிக் அமிலம் மிகுந்து மூட்டுவலி உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்ட பின்னரே உண்ணலாம்.

ஈசல் என்பது இறக்கை முளைத்த கறையான். கறையான் மருந்து இட்ட கட்டடத்தைச் சுற்றியும், பூச்சிக்கொல்லி தெளித்த வயலிலும் பிடித்தவற்றை எவரும் உண்ணலாகாது. வறுப்பதால் நஞ்சு நீங்கிவிடும் எனக் கருத வேண்டாம். வெட்டுக்கிளி போன்றவற்றின் முள்ளுடைய கால்களை அகற்றிவிடவும். அவை தொண்டையிலோ குடலிலோ சிக்கக்கூடும். விருப்பமில்லாதவர்களை வற்புறுத்தத் தேவையில்லை. பருப்பும் முட்டையும் நல்ல புரதமே.

உண்ட சில நிமிடங்கள் முதல் இரண்டு மணி நேரத்திற்குள் உடல் முழுவதும் தடிப்பு, உதடு அல்லது நாக்கு வீக்கம், மூச்சுத்திணறல், மயக்கம் தோன்றினால் காத்திராமல் 108-ஐ அழைக்கவும். ஆம்புலன்ஸ் வரும் வரை நோயாளியைப் படுக்க வைக்கவும்; மூச்சுவிடச் சிரமப்பட்டால் உட்கார வைக்கலாம், நடக்க விடலாகாது.