படைவீடு: தோல் நடத்தும் போரின் கதை – அத்தியாயம் 7: அழுக்குத் தண்ணீரில் ஆறிய காயம்

1986. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பெதஸ்தா என்ற ஊர். தேசிய சுகாதார ஆய்வு நிறுவனத்தின் கூடம் ஒன்றில், மைக்கேல் ஸாஸ்லாஃப் என்ற மருத்துவ விஞ்ஞானி தவளைத் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

தவளைகள் வாழும் தண்ணீர் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவற்றின் கழிவு, தின்றது போக மிஞ்சிய இரை, அதில் பெருகும் பாக்டீரியா எல்லாம் கலந்த தண்ணீர். அந்தத் தண்ணீருக்குள்தான், சில நாட்களுக்கு முன் அவரே வயிற்றைக் கீறித் தையல் போட்டு விட்ட தவளை நீந்திக்கொண்டிருந்தது. தையல் போட்ட இடத்தைப் பார்த்தார். சிவக்கவில்லை. வீங்கவில்லை. சீழ் பிடிக்கவில்லை. காயம் சுத்தமாக ஆறியிருந்தது.

எத்தனையோ தவளைகளை இப்படித் தைத்து அனுப்பியவர் அவர். அத்தனையும் இப்படித்தான் ஆறின. அன்றுதான் அவருக்கு அது உறைத்தது: இது எப்படிச் சாத்தியம்?

சென்ற வாரம் நாம் சுவீடனில் நின்றோம். செக்ரோபியா என்ற பெரிய அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவுக்குள் ஹான்ஸ் போமனின் குழு பாக்டீரியாவை ஊசியால் ஏற்றியது. பூச்சி இனத்துக்கு ஆன்டிபாடி கிடையாது. ஆனாலும் கிருமிகள் செத்தன. கூட்டுப்புழுவே தயாரித்த குட்டிப் புரதங்கள்தான் அவற்றைக் கொன்றன என்று கண்டுபிடித்து, ‘செக்ரோபின்’ என்று பெயரிட்டு, 1981இல் உலகத்துக்குச் சொன்னார்கள். அங்கே ஒரு கேள்வியோடு நிறுத்தியிருந்தேன். ஆன்டிபாடி என்ற நவீன ஆயுதம் கையில் இருக்கும் முதுகெலும்புள்ள உயிர்களுக்கு, பூச்சி காலத்து இந்த ஆயுதம் எதற்கு?

பதில், அந்தத் தொட்டிக்குள் நீந்திக்கொண்டிருந்தது.

முட்டைக்காக வந்த தவளை

ஸாஸ்லாஃப் கிருமிகளைத் தேடிப் போனவர் அல்லர். மரபணுவின் செய்தி செல்லுக்குள் எப்படிப் பயணிக்கிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. அதற்குப் பெரிய முட்டைகள் வேண்டும். ஆப்பிரிக்க நகத் தவளையின் முட்டை அதற்கு வாகானது.

இந்தத் தவளைக்கு அதற்கு முன்பே ஒரு வரலாறு உண்டு. 1930களிலிருந்து பல ஆண்டுகள், பெண்கள் கருவுற்றிருக்கிறார்களா என்று பார்க்க இதைத்தான் பயன்படுத்தினார்கள். பெண்ணின் சிறுநீரைத் தவளைக்கு ஊசி வழியாக ஏற்றுவார்கள். அவள் கருவுற்றிருந்தால் சில மணி நேரத்தில் தவளை முட்டையிட்டுவிடும். உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் இந்தத் தவளை குடியேறியதற்கு அதுவும் ஒரு காரணம்.

முட்டை எடுக்கும் வேலை எளிது. தவளையை மயக்கி, வயிற்றில் சிறிதாகக் கீறி, சூலகத்தின் ஒரு பகுதியை எடுத்துவிட்டுத் தைத்து, மறுபடி தொட்டியில் விட வேண்டும். மனிதனுக்கு இப்படி ஒரு அறுவை செய்து குளத்துத் தண்ணீரில் இறக்கிவிட்டால் என்ன ஆகும்? நினைத்துப் பார்க்கவே நடுங்குகிறது.

ஆன்டிபாடி காப்பாற்றியிருக்குமா? இங்கே ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். வசதியான சூழலில் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். அந்த வேகம் தடையில்லாமல் நீடித்தால் ஒரே ஒரு பாக்டீரியா 8 மணி நேரத்தில் 1 கோடியே 67 லட்சத்தைத் தாண்டிவிடும். ஆனால் புதிதாக வந்த ஒரு கிருமியை அடையாளம் கண்டு, அதற்கென்று ஆன்டிபாடி செய்து குவிக்க உடம்புக்குக் கிட்டத்தட்ட ஒரு வாரம் ஆகும். தலைநகரத்திலிருந்து பெரும்படை கிளம்பி வருவதற்குள் எல்லைக் கோட்டை விழுந்துவிடும். அப்படி விழவில்லை என்றால், எல்லையிலேயே யாரோ நின்று சண்டை போட்டிருக்கிறார்கள் என்றுதான் பொருள்.

எல்லை என்பது தோல். ஸாஸ்லாஃப் முட்டை ஆராய்ச்சியை ஒதுக்கி வைத்தார். தவளையின் தோலைக் கையில் எடுத்தார்.

23 மணிகள் கோத்த கேடயம்

தோலை அரைத்துச் சாறு எடுத்து, சாற்றில் உள்ள பொருட்களைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எந்தப் பகுதி பாக்டீரியாவைக் கொல்கிறது என்று தேடினார். கடைசியில் இரண்டு பெப்டைடுகள் சிக்கின. ஒவ்வொன்றிலும் வெறும் 23 அமினோ அமிலங்கள், நூலில் கோத்த மணிகள் மாதிரி. இரண்டுக்கும் இரண்டே மணிகளில்தான் வித்தியாசம்.

அந்தக் குட்டிச் சரடுகள் பல வகைப் பாக்டீரியாவின் வளர்ச்சியை நிறுத்தின. பூஞ்சையையும் நிறுத்தின. ஒரு செல் உயிரிகளை வெடிக்கச் செய்தன. அதே அளவில் ரத்தச் சிவப்பணுக்களை ஒன்றும் செய்யவில்லை. 1987இல் கட்டுரை வெளியானது. ‘மகைனின்’ என்று பெயர் வைத்தார். ஹீப்ரு மொழியில் கேடயத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து எடுத்த பெயர்.

அந்நியனைக் கொன்று சொந்தக்காரனை விட்டுவிட, ஒரு சின்னச் சரடுக்கு எப்படித் தெரிகிறது? அருகில் போய்ப் பார்ப்போம்.

மகைனினின் உடலில் நேர்மின்னூட்டம் அதிகம். பாக்டீரியாவின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் அதிகம். நம் செல்லின் வெளிச்சவ்வோ பெரும்பாலும் நடுநிலையானது. கொலஸ்ட்ரால் சேர்ந்து கெட்டிப்பட்டது. ஆகவே சரடு நம் செல்லைக் கடந்து போகிறது, பாக்டீரியாவிடம் இழுபட்டு ஒட்டிக்கொள்கிறது. தண்ணீரில் தொளதொளவென்று மிதந்த சரடு, சவ்வைத் தொட்டதும் சுருள்கம்பியாக முறுக்கிக்கொள்கிறது. அந்தச் சுருளின் ஒரு பக்கம் எண்ணெயை நாடும், மறுபக்கம் தண்ணீரை நாடும். எண்ணெய்ப் பக்கத்தால் சவ்வுக்குள் புதைகிறது. பக்கத்தில் இன்னொன்று, அதன் பக்கத்தில் இன்னொன்று. சவ்வு பொத்தலாகிறது. உப்பும் தண்ணீரும் கட்டுப்பாடில்லாமல் உள்ளும் புறமும் பாய்கின்றன. சில நிமிடங்களில் பாக்டீரியா செத்துப் போகிறது.

இந்தப் பெப்டைடை மருந்தாக்கி, சர்க்கரை நோயாளிகளின் காலில் வரும் புண்ணுக்குப் பூசும் களிம்பாகக் கொண்டுவர ஒரு பெரும் முயற்சி நடந்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1999இல் அதற்கு அனுமதி மறுத்தது. அந்தக் கதைக்குத் தனி அத்தியாயம் உண்டு. இப்போது நம்மை அரிக்கும் கேள்வி வேறு. தவளைக்கு இருக்கிறது. நமக்கு?

நம் ரத்த வெள்ளையணுக்களுக்குள் ‘டிஃபென்சின்’ என்ற இதே ரகத்து ஆயுதம் இருப்பதை லாஸ் ஏஞ்சலிஸில் ராபர்ட் லேரரின் குழு 1985இலேயே கண்டுவிட்டது. ஆனால் வெள்ளையணு என்பது காயத்துக்கு ஓடி வரும் சிப்பாய். கோட்டைச் சுவரின் செங்கல் என்று எல்லாரும் நினைத்திருந்த தோல் செல், தானே ஆயுதம் செய்யுமா? இதற்கான தடயம் ஆய்வுக்கூடத் தொட்டியில் இல்லை. நோயாளிகளின் படுக்கை விரிப்பில் உதிர்ந்து கிடந்தது.

கூட்டித் தள்ளிய செதில்

சொரியாசிஸ் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் உங்களுக்குத் தெரியும். முழங்கை, முழங்கால், தலை என்று தடித்துச் சிவந்த திட்டுகள். அவற்றின் மேல் வெள்ளி நிறத்தில் செதில் செதிலாகத் தோல். காலையில் எழுந்ததும் பிறர் பார்ப்பதற்குள் படுக்கையை உதறி, தரையைக் கூட்டி, செதிலை அள்ளிக் கொட்டிவிட்டுத்தான் அடுத்த வேலை. நோயின் வலியைவிட அந்த வெட்கம் பெரிது. தொற்றும் நோய் அது அல்ல என்று ஆயிரம் முறை சொன்னாலும் ஊர் விலகித்தான் நிற்கிறது.

வட ஜெர்மனியில் கீல் பல்கலைக்கழகத்தின் தோல் மருத்துவமனையில் யென்ஸ்-மிகாயேல் ஷ்ரோடர், யூர்கன் ஹார்டர் உள்ளிட்டோரின் குழு வேறு ஒன்றைக் கவனித்தது. கரப்பான் நோயாளியின் தோலில் ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியா குடியேறி அடிக்கடி சீழ் வைக்கிறது. சொரியாசிஸ் நோயாளியின் தோலும் கெட்டுப்போன தோல்தான். ஆனால் அங்கே தொற்று வருவது அபூர்வம். சுவர் இரண்டிலும் இடிந்திருக்கிறது. ஒன்றில் எதிரி நுழைகிறான், மற்றதில் நுழைய முடியவில்லை. ஏன்?

நோயாளிகளின் செதிலைச் சேகரித்தார்கள். சாறு எடுத்தார்கள். பிறகு அழகான ஒரு பொறி வைத்தார்கள். ஒரு குழாய்க்குள் ஈ.கோலை பாக்டீரியாக்களை அசையாமல் பொருத்தி, அவற்றின் மேல் செதில் சாற்றை ஊற்றினார்கள். பாக்டீரியாவோடு உறவு இல்லாதது எல்லாம் வழிந்து ஓடிவிடும். பாக்டீரியாவைப் பிடித்துக்கொள்ளும் குணம் உள்ளது மட்டும் தங்கும். இரைக்கு வந்த மீன் தூண்டிலில் மாட்டுவது போல ஆயுதம் வந்து மாட்டியது.

அதற்கு ‘மனித பீட்டா டிஃபென்சின்-2’ என்று பெயர் சூட்டி, 1997இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். ஈ.கோலையைக் கொன்றது. புண்ணில் புகுந்து ஆட்டிப்படைக்கும் சூடோமோனாஸைக் கொன்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதைச் செய்தது வெள்ளையணு இல்லை. தோலின் செல்லே செய்தது. பாக்டீரியா வந்து தொட்டதும், அல்லது அழற்சியின் ரசாயனச் சமிக்ஞை கிடைத்ததும், தோல் செல் தன் உலையை மூட்டி ஆயுதம் வார்க்கத் தொடங்குகிறது.

எத்தனை தலைமுறை மனிதர்கள் தலைகுனிந்து கூட்டித் தள்ளிய செதில் அது! மனிதத் தோல் தன்னைத் தானே காக்கும் ரகசியம் அதற்குள் இருந்திருக்கிறது. இந்தத் தொடரை எழுத உட்கார்ந்ததிலிருந்து என் மனதை விட்டு அகலாத காட்சி இதுதான். நம் உடம்பில் நாம் அருவருத்து ஒதுக்குவதும் நமக்காகப் போராடிய ஒன்றாக இருக்கலாம்.

சாட்சி சொன்ன எலிகள்

ஆயுதம் கிடைத்தது சரி. அது இல்லாவிட்டால் உண்மையிலேயே கோட்டை விழுமா? அதைச் சோதித்துக் காட்டியது கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் விக்டர் நிஸெட், ரிச்சர்ட் காலோ குழு. தோலில் இன்னொரு ஆயுதக் குடும்பம் உண்டு. கதெலிசிடின் என்று பெயர். மனிதர்களிடம் அந்தக் குடும்பத்தின் ஒரே வாரிசு எல்எல்-37. அதாவது 37 மணிகள் கோத்த சரடு. எலியின் உடலில் அதற்கு இணையான மரபணுவை நீக்கிவிட்டு, தோலில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவைச் செலுத்தினார்கள். சாதாரண எலிகளைவிட, ஆயுதம் இழந்த எலிகளின் புண் பெரிதாகப் பரவியது. ஆற அதிக நாள் எடுத்தது. 2001இல் முடிவு வெளியானது. ஐயத்துக்கு இடமில்லை.

அடுத்த ஆண்டே, கீல் நகரத்துப் புதிருக்கும் விடை வந்தது. அமெரிக்காவில் டொனால்ட் லியுங், காலோ உள்ளிட்டோர் இரண்டு நோய்களின் தோலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். சொரியாசிஸ் தோலில் பீட்டா டிஃபென்சின்-2, எல்எல்-37 இரண்டும் ஏராளம். கரப்பான் தோலில் இரண்டுமே குறைவு. அங்கும் அழற்சி இருக்கிறது, சிவப்பும் அரிப்பும் இருக்கின்றன. ஆனால் ஆயுதக் கிடங்கு நிரம்பவில்லை. கரப்பான் வந்த குழந்தையின் தோலில் ஏன் திரும்பத் திரும்பச் சீழ் வைக்கிறது என்று கலங்கும் தாய்க்குச் சொல்ல, மருத்துவத்திடம் முதல்முறையாக ஒரு தெளிவான பதில் இருந்தது. குறை அவள் சுத்தத்தில் இல்லை.

ஆக, பாடம் எளிதாகத் தெரிந்தது. ஆயுதம் குறைந்தால் நோய். நிறைந்தால் காவல். அப்படியானால் ஆயுதத்தைப் பெருக்குவோம். தோல் நோய்களை ஒழிப்போம்!

அந்த நம்பிக்கை நீடிக்கவில்லை.

காலோவின் ஆய்வுக்கூடத்தில் கென்ஷி யமசாகியும் மற்றவர்களும் ரோசேசியா நோயாளிகளின் முகத்தோலை எடுத்துப் பார்த்தார்கள். கன்னமும் மூக்கும் தீப்பட்டது போலச் சிவந்து, ரத்தக் குழாய்கள் விரிந்து, பருக்கள் புடைக்கும் நோய் அது. ஆயுதம் குறைந்திருக்கும் என்று நினைத்தால், எல்எல்-37இன் குடும்பம் அங்கே அளவுக்கு மீறிக் குவிந்திருந்தது. அது மட்டுமா? சரடுகள் சரியான நீளத்தில் இல்லை. வெட்டக்கூடாத இடத்தில் வெட்டப்பட்டிருந்தன.

அந்தத் துண்டுகளை ஆரோக்கியமான எலிகளின் தோலில் ஏற்றினார்கள். கிருமி எதையும் சேர்க்கவில்லை. எதிரியே இல்லாத அந்தத் தோல் சிவந்தது. அழற்சி மூண்டது.

கிருமியைக் கொல்லும் கை, தன் வீட்டுக்கே தீ வைக்கிறது. ஆயுதம் என்று நாம் கொண்டாடிய சரடுக்கு இன்னொரு தொழிலும் இருக்கிறது; வெள்ளையணுக்களைக் கூவி அழைக்கும் தூதனும் அதுவே. தூதின் சொற்களை வெட்டி மாற்றி, அமைதியாக இருந்த ஊருக்குள் போர் முரசு கொட்டவைத்தவர் யார்?

அந்தக் கத்தி வெளியிலிருந்து வரவில்லை. தோலின் மேலடுக்கிலேயே, நாள்தோறும் நமக்காக உழைக்கும் ஒரு பணியாளின் இடுப்பில் அது செருகியிருந்தது.

(அடுத்த வாரம்: கத்தி பிடித்த கை)